முப்பத்தெட்டு தலையணை உறைகள்

நான் ஒழுங்கானவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர்த் தபாலாபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு கடிதம்கூட வீடு மாறிப் போனதில்லை. என் சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு இழுப்பறைக்குள் கை விட்டாலும் வேண்டிய கரண்டி கைக்கு வரும். இப்படிப்பட்ட எனக்குத்தான் கடவுள் குன்வோரை நாத்தனாராகக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சு. அவள் பக்கத்து மேசை அப்போதே குப்பைமேடு. பிறகு அவளுடைய தம்பி ஸீவெர்ட்டை நான் கல்யாணம் செய்துகொண்டேன். கல்யாணத்தன்று தேவாலய வாசலில் அவள் என் காதில் சொன்ன வாழ்த்து இதுதான்: "பாவம்டி என் தம்பி. இனிமே சாக்ஸுக்குக்கூட நம்பர் போட்டு வெச்சிருவ." அன்றிலிருந்து எனக்கு அவள் வைத்த பெயர் தபாலாபீஸ். தூரா என்று என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

அவள் வேலை பார்த்தது ஆப்பிள் பொதி கட்டும் கொட்டகையில். தையல் யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை. தனக்கு ஒரு பூனாட், அதாவது விசேஷ நாட்களில் போடும் எங்கள் பாரம்பரிய உடை, வேண்டும் என்று ஊர்த் தையல்காரியிடம் போனாள். மூன்று வருடம் காத்திரு என்றார்கள். குன்வோருக்கு மூன்று நாள் காத்திருக்கவே பொறுமை கிடையாது. துணியை வாங்கி வந்து தானே வெட்டினாள். மூன்று முறை பிரித்து நான்காம் முறை தைத்ததைப் போட்டுக்கொண்டு மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்தில் நடந்தாள். கறுப்புப் பாவாடை, கையில்லாத சிவப்பு மேல்சட்டை, இடுப்பில் முன்பக்கம் கட்டும் வெள்ளை முன்றானைத் துணி, எல்லாம் முறைப்படி. அடுத்த வாரமே பக்கத்து வீட்டுக்காரி தனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்து நின்றாள். அப்படி ஆரம்பித்தது, இன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு பூனாட். எங்கள் சாலையில் கல்யாணம், பதினைந்து வயதில் தேவாலயத்தில் நடக்கும் திடப்படுத்தல், சாவு எதுவானாலும் குன்வோரின் தையல் இல்லாத முதுகைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அவள் கணவன் ஆர்ன்ஃபின், அக்கரைக்குப் போகும் படகில் வேலை செய்தான். இருபத்தேழு வருடத்துக்கு முன்பு ஒரு வசந்தத்தில் அக்கரையில் இறங்கியவன் அங்கேயே ஒருத்தி வீட்டில் தங்கிவிட்டான். படகு இருபது நிமிடம்தான். ஆனாலும் திரும்பி வரவில்லை. குன்வோர் ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் அவன் தொலைக்காட்சி பார்க்கும் அறையிலிருந்து சோபாவை முற்றத்தில் தள்ளிவிட்டு, சமையலறை மேசையில் கிடந்த தையல் மெஷினை அங்கே கொண்டுபோய் வைத்தாள். அதுதான் அந்த அறை.

அந்த அறையைப் பற்றி நான் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பார்கள். எனக்கு என்ன பொறாமை? மெஷினுக்கு மேல் காகித அளவுகள், அவற்றுக்கு மேல் பாதி தைத்த முன்றானைகள், அவற்றுக்கு மேல் காபிக் கோப்பை. ஐஸ்கிரீம் டப்பாக்கள் பத்தொன்பது. எதைத் திறந்தாலும் பொத்தான், கொக்கி, நூல்கண்டு. ஒன்றில் மட்டும் பிஸ்கட் இருந்தது, அதிலும் குண்டூசி கிடந்தது. சுவரோரமாக, கதவில் தொடங்கி அறையைச் சுற்றி மறுபடி கதவு வரை, தரையில் வெள்ளைத் தலையணை உறைகள். வாயைக் கட்டி, வயிறு புடைத்து, முப்பத்தெட்டு. பூனாட் தைத்ததில் மிஞ்சிய வெட்டுத்துணி அத்தனையையும் அவள் அவற்றுக்குள் வைத்திருந்தாள். ஒன்றிலும் பெயர் இல்லை.

"இதுல எது எங்க இருக்குன்னு உனக்கு எப்படிடி தெரியும்?" என்று கேட்டிருக்கிறேன்.

"இரு" என்பாள். குனிவாள். சரியான துணியை எடுப்பாள். அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த அதிர்ஷ்டம் மார்ச் கடைசி வாரத்தில் தீர்ந்தது. கையில் இஸ்திரிப் பெட்டியோடு திரும்பியவள் ஒரு தலையணை உறையில் கால் தடுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஸீவெர்ட் மீன் கொடுக்கப் போகும்வரை இரண்டு மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறாள். போனவரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இஸ்திரிப் பெட்டிய ஆஃப் பண்ணு." இரண்டாவது வார்த்தை, "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லாத."

நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து, அவளை முதியோர் இல்லத்தில் கொஞ்ச நாளைக்குப் படுக்க வைத்தார்கள். உள்ளாட்சியிலிருந்து ஒரு இளைஞர் வீட்டைப் பார்க்க வந்தார். தையலறைக் கதவைத் திறந்தவர் உள்ளே கால் வைக்கவில்லை. அவள் பிடித்து நடக்கும் நடைவண்டி போக எண்பது சென்டிமீட்டர் அகலத்துக்குத் தடையில்லாத வழி வேண்டும், அது இல்லாமல் வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் இல்லத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். குன்வோர் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, பெர்கெ வீட்டுப் பொண்ணு மேல்சட்டை அங்க தொங்குதுடி. சுன்னிவா. இந்த வருஷம் மே பதினேழு ஊர்வலத்துல பள்ளிக்கூடக் கொடிய அவதான் தூக்குறா. அவங்கம்மா ஹெர்டிஸுக்குத் திடப்படுத்தலுக்கு நான் தெச்சது அது. பொண்ணுக்கு நாலு விரல் பத்தல. மே முதல் வாரம் முடிச்சுத் தரேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். என்னை வீட்டுக்கு விடச் சொல்லு."

"ரூமை நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாத."

"நீயா?" அவள் முகம் மாறியது. "தூரா, நீ ஒண்ணையும் தொடாத. ஸீவெர்ட்டை விட்டு நடுவுல ஒரு வழி மட்டும் ஒதுக்கச் சொல்லு. ஓரத்துல இருக்கறது ஓரத்துலயே இருக்கட்டும்."

தூரா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டுவிட்டு என் இஷ்டத்துக்குச் செய்தேன்.

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபத்தேழு வருடமாக என் கை அரித்துக்கொண்டிருந்த அறை. முப்பத்தெட்டு உறைகளையும் அவிழ்த்துக் கொட்டினேன். காலி ஆப்பிள் பெட்டிகளைக் கழுவி அடுக்கினேன். சிவப்பு எல்லாம் ஒரு பெட்டி, கறுப்பு எல்லாம் இரண்டு பெட்டி, பச்சை ஒன்று, வெள்ளை ஒன்று. ஒவ்வொன்றிலும் அச்சடித்த சீட்டு ஒட்டினேன். கையகலத்துக்குக் குறைந்த துண்டுகளையெல்லாம் ஒரு கறுப்புப் பையில் அமுக்கி, சனிக்கிழமை குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோகச் சொல்லி ஸீவெர்ட்டிடம் கொடுத்தேன். தலையணை உறைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்தேன். இஸ்திரி போட்டேன்! அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

உள்ளாட்சி இளைஞர் மறுபடி வந்து அளந்தார். எண்பது கேட்ட இடத்தில் மூன்று மீட்டர் இருந்தது. "இது அதே ரூம்தானா?" என்று கேட்டார். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

மே ஐந்தாம் தேதி குன்வோர் வீட்டுக்கு வந்தாள். நான் வாஃபிள் சுட்டு, பழுப்புச் சீஸ் சீவி வைத்திருந்தேன். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நேராகத் தையலறைக்குப் போனவள் நிலைப்படியில் நின்றாள். நான் பின்னால் நின்று பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

அவள் கண் சுவரோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"என்னடி, வாயடைச்சுப் போச்சா?"

"பெர்கெ எங்க?"

"யாரு?"

"பெர்கெ வீடு. பாலம் தாண்டி மூணாவது. இந்த ஜன்னலுக்குக் கீழ இருந்துச்சு." அவள் திரும்பவில்லை. "நெஸ் எங்க? லீ எங்க? மேல் ஹௌகன் எங்கடி?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குன்வோர் நடைவண்டியைக் காலி அறைக்குள் மெதுவாகத் தள்ளி, தரையில் விரலை நீட்டி நீட்டிக் காட்டினாள். "இந்தக் கதவு தேவாலயம். இது நெஸ். இது லீ. இங்க ரோடு வளையுது. மெஷின் இருக்கே, அது பாலம். ஒண்ணு, ரெண்டு, மூணு, இது பெர்கெ. அந்த மூலையில மேல் ஹௌகன், மலைக்குப் போற வழி. அப்படியே திரும்பி ஆத்தோரமா கீழ வந்தா மறுபடியும் தேவாலயம். ஒவ்வொரு வீட்டுத் துணியும் அந்தந்த வீட்டு இடத்துல இருந்துச்சு."

பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நீ தெனமும் காலையில தபால் பிரிச்ச வரிசைடி அது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னு உன்னைப் பாத்துப் பாத்துதான் நான் அப்படி வெச்சேன். முப்பத்தொரு வருஷம் அதையே பண்ணினியே, உனக்கே தெரியலையா?"

இந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கேட்கவில்லை. கோபம்தான் வந்தது. "பேர் எழுதி ஒட்டியிருந்தா கை ஒடஞ்சிருமா?"

"என் ரோட்டுக்கு எனக்கு எதுக்குடி பேரு?"

"அந்த ரோட்டுலதான் தடுக்கி விழுந்த. இடுப்ப ஒடச்சிக்கிட்டது நானா நீயா?"

"விழுந்தது நான். ஒடச்சது நீ" என்றாள். வாஃபிளை யாரும் தொடவில்லை. நான் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் தபால் பெட்டிகள். நெஸ், லீ, வளைவு, பாலம். ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க, அவள் விரல் காட்டிய வரிசை அப்படியே வந்தது. அவள் அறையில் நான் நின்று பார்த்திருந்தால், ஒரே ஒரு தடவை கதவிலிருந்து வரிசையாக உறைகளை எண்ணிப் பார்த்திருந்தால், கண்டுபிடித்திருப்பேன். குப்பை என்று முன்பே முடிவு கட்டியவளுக்குப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? என் பளபளக்கும் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஸீவெர்ட் எட்டிப் பார்த்து, "அக்கா என்ன சொல்லிச்சு?" என்றார். "உண்மையச் சொல்லிட்டா" என்றேன். அவர் காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். நாற்பத்து நான்கு வருடமாக எங்கள் வீட்டில் எந்தக் கஷ்டத்துக்கும் அவர் செய்வது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு போனேன். எனக்கு முன்பே ஹெர்டிஸும் சுன்னிவாவும் வந்திருந்தார்கள். சுன்னிவாவுக்குப் பதினைந்து வயது. குளிர்காலமெல்லாம் படகு வலிக்கும் பயிற்சிக்குப் போகிறவள். தோள் இரண்டும் கதவை அடைத்தன. சிவப்பு மேல்சட்டையை மாட்டி முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொக்கிக்கும் கண்ணிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

"உள்ள மடிச்சு விட்டிருந்தது எல்லாம் போன வருஷமே பிரிச்சு விட்டாச்சு" என்று குன்வோர் சொல்லிக்கொண்டிருந்தாள். "இனிமே அக்குளுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஒட்டுத்துணி குடுக்கணும். அதே சிவப்பு வேணும்."

"கடையில கெடைக்குமேக்கா?" என்றாள் ஹெர்டிஸ்.

"இந்தச் சாயம் இப்ப இல்ல. அந்த ஆலை சாயத்த மாத்தி இருபது வருஷம் ஆச்சு."

"கொஞ்சம் வேற சிவப்பா இருந்தா என்ன? கைக்குக் கீழதானே?"

குன்வோர் சுன்னிவாவின் கையைப் பிடித்து மேலே தூக்கினாள். "கொடி தூக்குறவ கைய எங்க வெச்சிருப்பா? ஊரே பாக்கறது இந்த எடத்தத்தான்."

சுன்னிவா மேல்சட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள். "பரவால்ல பெரியம்மா. நான் சாதாரண கவுன் போட்டுக்கறேன். இல்லன்னா வேற யாராவது கொடி தூக்கட்டும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் குனிந்துகொண்டே சொன்னாள்.

குன்வோர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு உரிமை இருந்தது, அதை அவள் செய்யமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். "உங்க வீட்டுத் துணி இங்கதான் இருந்துச்சு, ஹெர்டிஸ். இருபத்தேழு வருஷமா பத்திரமா இருந்துச்சு. நான்தான் எல்லாத்தையும் கலந்து கொட்டிட்டேன். குன்வோர் தொடாதன்னு சொன்னா. நான் தொட்டேன்."

ஹெர்டிஸ் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். குன்வோர் மட்டும் தொண்டையைச் செருமினாள். "சரி சரி, ஒப்பாரி அப்புறம். ஏ தபாலாபீஸ், அந்தச் செவப்புப் பெட்டிய வெளியில தூக்கிட்டு வா. வெயில் இருக்கறப்பவே பாத்துரலாம்."

தபாலாபீஸ் என்று கூப்பிட்டாள். எனக்கு உயிர் வந்தது.

முற்றத்தில் ஆப்பிள் மரங்கள் பூக்கத் தொடங்கியிருந்தன. துணி காயப்போடும் கொடியில் இருபத்திரண்டு சிவப்புத் துண்டுகளைத் தொங்கவிட்டோம். அறைக்குள் எல்லாம் ஒரே சிவப்பாகத்தான் தெரிந்தன. வெயிலில் தொங்கியதும் ஒவ்வொன்றும் ஒரு சிவப்பு. ஒன்று செங்கல், ஒன்று திராட்சை ரசம், ஒன்று லிங்கன்பெர்ரிப் பழம். இதையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டு ஒரே சீட்டு ஒட்டிய என் புத்தியை என்ன சொல்ல?

குன்வோர் நாற்காலியில் உட்கார்ந்து தடியால் சுட்டிச் சொன்னாள். "அது நெஸ் வீட்டு மூத்த மருமக. அது லீ. அது மூ வீட்டு இரட்டைப் பொண்ணுங்க, ஒரே துணியில ரெண்டு பேருக்கும் வெட்டினேன். அது உன்னோடது, தபாலாபீஸ், கல்யாணத்துக்குத் தெச்சது. அப்ப உனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு." இருபத்திரண்டும் முடிந்தன. பெர்கெ இல்லை.

"ஹெர்டிஸுக்குத் துணி இறுக்கமா வெட்டினேன். சின்னத் துண்டுதான் மிஞ்சியிருக்கும்" என்றாள் குன்வோர். என் பக்கம் திரும்பினாள். "சின்னதெல்லாம் எங்கடி?"

ஓடினேன். அறுபத்தெட்டு வயதில், வீட்டுச் செருப்போடு, எங்கள் சாலையில் நான் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஸீவெர்ட் சமையலறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தக் கறுப்புப் பை!"

"எந்தப் பை?"

"சனிக்கிழமை குப்பைக் கிடங்குல போடச் சொன்னேனே, அது!"

அவர் செய்தித்தாளை மெதுவாக மடித்தார். "போடணும்னுதான் இருந்தேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நாற்பத்து நான்கு வருடமாக அந்த மனிதரைத் திட்டியிருக்கிறேன். கூரை ஒழுகியபோது, வேலி சாய்ந்தபோது, எப்போது கேட்டாலும் செய்யணும்னுதான் இருந்தேன். அன்று அந்த வாயிலேயே முத்தம் கொடுத்தேன். பாவம், பயந்துவிட்டார்.

பை கொட்டகையில் டிராக்டருக்குப் பின்னால் கிடந்தது. இழுக்கும்போது ஒரு மரச்சட்டத்தில் மாட்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தேன். தபாலாபீஸை மூடியபோது தூக்கிப்போட வேண்டாம் என்று ஸீவெர்ட் கொண்டுவந்து வைத்த தபால் தட்டு. சுவரகலத்துக்குச் சதுரச் சதுரமான அறைகள், ஒவ்வொன்றும் இரண்டு ரொட்டி நுழையும் அளவு. ஒவ்வொன்றுக்குக் கீழும் உலோகத் தகட்டில் வீட்டுப் பெயர். நெஸ், லீ, மூ, பெர்கெ. உள்ளே திருகாணியும் பழைய பெயின்ட் டப்பாவும் அடைந்து கிடந்தன. ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினேன்.

முற்றத்தில் போர்வை விரித்துப் பையைக் கொட்டினோம். சிவப்பை மட்டும் பொறுக்கியதில் அறுபது எழுபது துண்டு தேறியது. எல்லாம் விரல் நீளம், பிறை வடிவம், கோணல் மாணல். சாயத்தைப் பார்த்துக் கழித்ததில் பதினொன்று மிஞ்சின. அந்தப் பதினொன்றில் எது பெர்கெ என்று குன்வோருக்கும் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டாள்.

பிறகு மேல்சட்டையை மடியில் போட்டுக் கைத்துளை ஓரத்தின் உள்துணியைப் பிரிக்க ஆரம்பித்தாள். மடித்துத் தைத்திருந்த ஓரத்தை வெளியே இழுத்து விரலால் நீவினாள். இருபத்தேழு வருடத்துக்கு முன்பு கத்திரி போன வழி அப்படியே இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கோடு நெளிந்து ஒரு சின்னப் பல் போலத் துருத்தியது.

"என்ன பெரியம்மா இது?" என்றாள் சுன்னிவா.

குன்வோர் அந்தப் பல்லை விரலால் தடவினாள். "இத வெட்டினது ஆர்ன்ஃபின் என்னை விட்டுட்டுப் போன வாரத்துல. சமையல்கட்டு மேசையில வெச்சு வெட்டினேன். கை நடுங்கிச்சு. உள்ள மடிச்சுத் தெச்சிட்டா யாருக்குத் தெரியப்போவுதுன்னு விட்டுட்டேன்." பதினொரு துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அந்த ஓரத்தோடு சேர்த்துப் பார்த்தாள். ஏழாவதில் அந்தப் பல்லுக்கு ஏற்ற பள்ளம் இருந்தது. இரண்டும் பூட்டும் சாவியும் போலப் பொருந்தின. "வெளங்காத பய, ஒரு வேலைக்காவது ஆனான்" என்றாள்.

நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே சுன்னிவா குனிந்து தேடி, அடுத்த கைத்துளையின் துண்டையும் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பிறைகள். பிறைக்கு ஒரு ஒட்டுத்துணி, அளவெடுத்தாற்போல வந்தது. தப்பாக வெட்டினால் மறு துணி இல்லை. குன்வோர் கத்திரியை எடுத்தபோது அவள் கையை நான் பார்த்தேன். நேராக நின்றது.

அன்று மாலையே ஸீவெர்ட்டைத் தபால் தட்டோடு அழைத்துப் போனேன். "செய்யணும்னுதான் இருந்தேன்னு சொன்னீங்கன்னா பாத்துக்கோங்க" என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். தையலறைச் சுவரில் திருகி மாட்டினார். குன்வோர் நடைவண்டியில் சாய்ந்துகொண்டு தகடுகளை இடமிருந்து வலமாக, தேவாலயத்திலிருந்து மேல் ஹௌகன் வரை, ஒவ்வொன்றாகப் படித்தாள். என் முழங்கையைக் கிள்ளினாள், அவ்வளவுதான். வலித்தது.

அடுத்த ஒரு வாரம் காலைகளில் இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். அவள் துணியைத் தடவி வீட்டைச் சொல்வாள், நான் எழுந்து உரிய அறையில் வைப்பேன். என் கைக்கு அந்த இடங்கள் மறக்கவே இல்லை. இஸ்திரி போட்ட உறைகளில்தான் துணியைச் சுருட்டினோம். "பரவால்லியே, மடிப்புக் கலையாம இருக்கு" என்று அதற்கும் ஒரு குத்தல். அவளுக்கே பிடிபடாத பதினாறு துண்டுகளைக் கடைசி அறையில் வைத்தோம். அந்த அறையின் தகட்டில் தபாலாபீஸ் காலத்திலிருந்தே 'விலாசம் தெரியாதவை' என்று இருக்கிறது.

மற்றபடி அறை பழைய கதிக்குத் திரும்பிவிட்டது. மெஷின் மேல் காகிதம், காகிதத்தின் மேல் முன்றானை, முன்றானையின் மேல் கோப்பை. ஒன்றே ஒன்றுதான் புதிது. கதவிலிருந்து மெஷின் வரை, மெஷினிலிருந்து தட்டு வரை, ஸீவெர்ட் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி எண்பது சென்டிமீட்டரில் பாதை போட்டிருக்கிறார். அந்தக் கோட்டுக்குள் ஒரு நூலிழைகூட விழக் கூடாது. விழுந்தால் குன்வோரே தடியால் தள்ளிவிடுகிறாள். "ரோட்டுல குப்பை போடாத" என்று என்னையே அதட்டுகிறாள். என்னை!

மே பதினேழு. காலையில் மேகம் இருந்தது, பத்து மணிக்கு விலகியது. தேவாலயத்துக்கு எதிரே, சாலையோரம் குன்வோருக்கு நாற்காலி போட்டு நானும் பக்கத்தில் நின்றேன். இருவரும் பூனாட்டில். பேண்டு வாத்தியம் வளைவைத் தாண்டும்போதே கேட்டது. முதலில் தெரிந்தது கொடி, அதற்குக் கீழே சுன்னிவா. இரண்டு கையையும் உயர்த்தி, காற்றில் இழுக்கும் அந்தப் பெரிய துணியை அவள் பிடித்துக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்தால், குளிர்காலமெல்லாம் துடுப்பு வலித்ததே இதற்குத்தான் என்று தோன்றும்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அக்குளைத்தான் பார்த்தேன். எங்கே ஒட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எத்தனை விரல் அகலம் என்று தெரியும், அந்தத் துண்டைக் குப்பையில் போட்டதே நான்தான். நேர் வெயில். இரண்டு எட்டு தூரத்தில் என்னைக் கடந்து போனாள். கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே சிவப்பு, அக்குளிலிருந்து இடுப்பு வரை, நெய்யும்போதே அந்தப் பெண்ணுக்காக நெய்தது மாதிரி.

எங்கள் பின்னால் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி தன் கணவரிடம் சொல்வது கேட்டது. "கொடி தூக்கற பொண்ணப் பாருங்க. புதுசாத் தெச்சிருப்பாங்க போல."

குன்வோருக்கும் கேட்டது. முன்னால் பார்த்தபடியே இருந்தாள். முகவாய் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பெண்மணியிடம் திரும்பினேன். "புதுசு இல்லீங்க. இருபத்தேழு வருஷப் பழசு. அம்மாவோடது" என்றேன். "தெச்சவ இவதான், இதோ உக்காந்திருக்காளே, இவ. நூத்திப் பன்னெண்டு தெச்சிருக்கா. ஒவ்வொண்ணோட துண்டுத்துணியும் எந்த வீட்டுதுன்னு கேட்டா சொல்லுவா."

"வாய மூடுடி, தபாலாபீஸ்" என்றாள் குன்வோர்.

"இவ என் நாத்தனார்" என்றேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.